இறங்குமுகத்தில் பழுதாகும் என்ஜின்

பயணிகள் ஜெட் விமானம் தரையிறங்குவது என்பது, இயற்பியல் நோக்கில், வானில் அது சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலைக் குறித்த பாதையில் படிப்படியாகச் செலவிட்டு, ஓடுபாதையைத் தொடும்போது சக்கர பிரேக்குகள் தாங்கக்கூடிய அளவு மட்டுமே மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளும் ஒரு கணக்காகும். சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, உயரத்தால் வரும் நிலையாற்றலும் வேகத்தால் வரும் இயக்க ஆற்றலும் விமானத்திடம் மிகுந்திருப்பதால், அங்கே என்ஜின்கள் அனைத்தும் நின்றுவிட்டாலும் இறக்கைகள் தரும் தூக்குவிசையைக் கொண்டு அது 150 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு சறுக்கிச் செல்ல இயலும். கருவிகளைப் படிக்கவும், கூடிப் பேசவும், என்ஜினை மறுபடி இயக்கிப் பார்க்கவும் விமானிகளுக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் கிடைக்கும். தரையிறங்கும் கட்டத்திலோ உயரம், வேகம் ஆகிய இவ்விரு சேமிப்புகளும் பெரும்பாலும் கரைந்துபோயிருக்கின்றன. அந்நிலையில் என்ஜின் பழுதாகும்போது விமானிக் குழு எதிர்கொள்ளும் முதன்மையான கேள்வி, பழுது எத்தகையது என்பதைவிட, அதைப் பற்றிச் சிந்திக்க எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கிறது என்பதே.

இறங்கத் தொடங்கும் விமானத்தின் என்ஜின்கள் பெரும்பகுதி நேரம் மிகக் குறைந்த ஆற்றலில், அதாவது வெற்றியக்க நிலையில் சுழல்கின்றன. புவியீர்ப்பே அப்போது விமானத்தை முன்னே செலுத்துகிறது. கடைசிக் கட்டத்தில் நிலைமை மாறுகிறது. குறைந்த வேகத்திலும் போதிய தூக்குவிசை கிடைப்பதற்காக ஃபிளாப் எனப்படும் இறக்கைப் பின்விளிம்புத் தட்டுகள் கீழ்நோக்கி நீட்டப்படுகின்றன. சக்கரங்களும் வெளியே இறக்கப்படுகின்றன. இவையெல்லாம் சேர்ந்து காற்றின் எதிர்ப்பைப் பன்மடங்கு கூட்டுவதால், 3 பாகை சரிவுள்ள இறங்கு பாதையில் வழுவாமல் நிற்பதற்கு என்ஜின்கள் மறுபடியும் கணிசமாக உந்தவேண்டியிருக்கிறது. மணிக்கு 260 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் இப்பாதையின் கடைசி 1,000 அடியைக் கடக்க ஏறத்தாழ 80 நொடிகளே ஆகின்றன. தாழ்ந்த சுழற்சியில் இருக்கும் ஜெட் என்ஜின், விமானி நெம்புகோலை முன்னே தள்ளியவுடன் முழு ஆற்றலை எட்டுவதில்லை; இறங்க முயன்று மேலெழும் விமானத்தின் ஏறுதிறனைக் கணக்கிடும் தகுதிச் சான்று விதிகளே, நெம்புகோலை நகர்த்தி 8 நொடிகளுக்குப் பின் கிடைக்கும் உந்துவிசையைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. தரையை நெருங்கிய விமானத்துக்கு 8 நொடி என்பது நீண்ட பொழுது.

இரட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று மட்டும் நின்றுபோவதையே விமானிகள் மிகுதியாகப் பயில்கின்றனர். உந்துவிசை பாதியாகிவிடுவது இதில் சிக்கலின் ஒரு பகுதி மட்டுமே. மிஞ்சிய உந்துவிசை முழுவதும் ஒரு பக்கத்திலிருந்தே வருகிறது என்பதே உடனடிச் சிக்கல். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட, மற்றது இழுத்துக்கொண்டே போனால் வண்டி நின்ற மாட்டின் பக்கமாகத் திரும்புவதைப் போல, விமானத்தின் மூக்கும் செயலிழந்த என்ஜினின் பக்கம் திரும்புகிறது. மூக்கு திரும்பும்போது ஓர் இறக்கை முந்திச் செல்வதால் அதன் தூக்குவிசை கூடி, விமானம் ஒருபுறமாகச் சாயவும் தொடங்குகிறது. இதை நேர்செய்வது வால்பகுதியில் செங்குத்தாக நிற்கும் சுக்கான். விமானி அதைக் காலால் மிதிக்கும் பெடல்களைக் கொண்டு இயக்குகிறார். போயிங் 777 போன்ற விமானங்களில் உந்துவிசை வேறுபாட்டை உணர்ந்து சுக்கானைத் தாமே திருப்பும் கருவியமைப்பு உண்டு. அத்தகைய துணை இல்லாதவற்றில் இப்பணி விமானியின் காலையே சார்ந்தது. விமானத்தை நேராக நிறுத்த எந்தக் காலை அழுத்தவேண்டியிருக்கிறதோ அந்தப் பக்கத்து என்ஜின் இயங்குகிறது, சும்மா இருக்கும் காலின் பக்கத்து என்ஜின் செத்துவிட்டது என்பது பயிற்சிக் கூடங்களில் தலைமுறைகளாகச் சொல்லித்தரப்படும் பாடம். ஆனால் இரு என்ஜின்களும் தாழ்ந்த ஆற்றலில் இருக்கையில் வேறுபாடு சிறிதாகையால், இந்த உடலறிகுறி மங்கிவிடுகிறது. உந்துவிசையைக் கூட்டும் தருணத்தில்தான் அது திடீரெனத் தலைகாட்டும்.

விமானி அறையில் இருவர் இருப்பதன் பயன் இத்தகைய வேளையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. தலைமை விமானி, துணை விமானி என்ற பதவி வேறுபாட்டைத் தாண்டி, ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் விமானத்தை இயக்குபவராகவும் மற்றவர் கண்காணிப்பவராகவும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். பழுது தோன்றியதும் இயக்குபவர் பாதையையும் வேகத்தையும் காக்கிறார், கண்காணிப்பவர் கருவிகளைப் படித்துக் கண்டதைச் சொல்கிறார். முதலில் விமானத்தைப் பறக்கவை, அடுத்து வழியைப் பார், அதன்பிறகு தரையோடு பேசு என்ற வரிசை உலகெங்கும் ஒன்றுதான். என்ஜினை அணைக்கும் கட்டம் வந்தால் அதற்கும் ஒரு சடங்கு போன்ற ஒழுங்கு உண்டு: இன்ன என்ஜினின் நெம்புகோல் என்று ஒருவர் பெயர் சொல்லிக் கையை வைக்க, மற்றவர் கண்ணால் பார்த்து உறுதி கூறிய பின்னரே அது பின்னிழுக்கப்படுகிறது, எரிபொருளை நிறுத்தும் விசைக்கும், தீயணைப்புக் கைப்பிடிக்கும் அதே உறுதிப்பாடு தனித்தனியே தேவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆபத்தின் நடுவே இந்த நிதானம் வியப்பளிக்கக்கூடும். இயங்கும் என்ஜினைத் தவறுதலாக அணைப்பதைவிட, பழுதான என்ஜினைச் சில நொடிகள் கூடுதலாக ஓடவிடுவதால் வரும் கேடு பெரும்பாலும் சிறிதே என்ற அறிவு இந்த ஒழுங்கின் பின்னால் இருக்கிறது.

அவ்வறிவுக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1989 ஜனவரி 8 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 மேலேறிக்கொண்டிருந்தபோது, இடது என்ஜினின் விசிறி இதழ்களில் ஒன்று முறிந்தது. கடுமையான அதிர்வும் புகை வாடையும் விமானி அறையை எட்டின. எந்த என்ஜின் என்ற கேள்விக்கு இடது என்று தொடங்கிய விடை பாதியிலேயே வலது என்று மாறியது. விமானிகள் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வலது என்ஜினின் ஆற்றலைக் குறைத்துப் பின்னர் அணைத்துவிட்டனர். அவர்களை ஏமாற்றியது அடுத்து நடந்ததுதான். உந்துவிசையைத் தானாகச் சீராக்கும் கருவியை அவர்கள் ஏற்கெனவே துண்டித்திருந்தமையால் இடது என்ஜினுக்குச் செல்லும் எரிபொருள் குறைந்து, அதன் தடுமாற்றம் அடங்கியது. அதிர்வும் வாடையும் தணிந்தன. எடுத்த முடிவு சரிதான் என்பதற்கு வானமே சான்று கூறுவதைப்போல் ஆயிற்று. இடது பக்கம் தீப்பொறி பறந்ததைக் கண்டவர்கள் பயணிகளிடையே இருந்தனர். வலது என்ஜினில் கோளாறு என்ற தலைமை விமானியின் அறிவிப்பைக் கேட்ட பின்னரும் அந்த முரண்பாடு விமானி அறைக்குப் போய்ச் சேரவில்லை. நடந்ததை முறையாக மீளாய்வு செய்ய விமானிகள் முற்பட்டபோது வானொலி அழைப்பு குறுக்கிட்டது.

வெற்றியக்க நிலையில் இறங்கும்வரை முறிந்த இதழோடும் இடது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ஃபாஸ்ட் செல்லாமல் அவசரமாக இறங்கத் திரும்பிய விமானம் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தை நெருங்கி, ஃபிளாப்பும் சக்கரங்களும் விரிந்து, காற்றின் எதிர்ப்பை ஈடுகட்ட உந்துவிசையைக் கூட்டவேண்டிய அந்தக் கட்டத்தில், ஓடுபாதைக்கு நான்கு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 900 அடி உயரத்தில் அந்த என்ஜின் முற்றிலும் செயலிழந்தது. அணைத்துவைத்த வலது என்ஜினை மீண்டும் இயக்க நேரமில்லை. கெக்வொர்த் என்னும் ஊரருகே நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியதில், அதிலிருந்த 126 பேரில் 47 பேர் உயிரிழந்தனர். இவ்விபத்தை விமானிகளின் பிழை என்று மட்டும் எழுதி முடிப்பது நியாயமாகாது. 737-400 அப்போது புதிய வகை. அதற்கென்று தனிச் சிமுலேட்டர் பயிற்சியை அவ்விமானிகள் பெற்றிருக்கவில்லை. எது பழுதான என்ஜின் என்பதைத் தெளிவாகக் காட்டிய அதிர்வுமானி கண்ணில் படாத அளவு சிறியதாக இருந்தது. பழைய வகை விமானங்களில் அக்கருவி நம்பத்தகாதது என்ற எண்ணமும் விமானிகளிடையே ஊறியிருந்தது. மனிதர் அவசரத்தில் எதைப் பார்ப்பர், எதைப் பார்க்கமாட்டார் என்பதை அறிந்து கருவியை வடிவமைப்பதும் பாதுகாப்புப் பொறியியலின் பகுதியே என்பதை இந்த 47 உயிர்கள் நிலைநாட்டிச் சென்றன.

அவசரம் கெடுத்த கதை அது என்றால், தாமதம் கெடுத்த கதையும் உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானத்தில், சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற ஐயம் எழுந்ததால், குழுவினர் சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டுக்கொண்டே ஆயத்தங்களில் மூழ்கினர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அழுத்தமின்றிச் சுட்டியது தலைமை விமானியின் கவனத்தில் ஆழப் பதியவில்லை. எரிபொருள் தீர்ந்து நான்கு என்ஜின்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. விமானம் நகர்ப்புறத்தில் விழுந்து 10 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்த குழுவள மேலாண்மை என்னும் பயிற்சி முறை, இளையவர் ஐயத்தைத் தயங்காமல் உரக்கச் சொல்லவும் மூத்தவர் அதைச் செவிமடுக்கவும் இரு தரப்பினரையும் பழக்குகிறது. இன்றைய விமானி அறையின் பண்பாட்டை மாற்றியதில் இதற்கு நிகரான கருவி வேறில்லை எனலாம்.

ஒரு என்ஜினோடு இறங்குவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த கணக்கு ஃபிளாப்பின் அளவு. வழக்கமாக 30 அல்லது 40 என்ற நிலை வரை ஃபிளாப்பை நீட்டி இறங்கும் போயிங் 737, ஒற்றை என்ஜினில் இறங்கும்போது 15 என்ற நிலையோடு நிறுத்திக்கொள்கிறது. இதனால் இறங்கும் வேகம் கூடும், ஓடுபாதை நீளமாகத் தேவைப்படும், ஃபிளாப் போதவில்லை என்று தரையண்மை எச்சரிக்கைக் கருவி கூச்சலிடாதிருக்க அதை முன்கூட்டியே அடக்கிவைக்கவும் வேண்டும். இவ்வளவையும் ஏற்பதற்குக் காரணம், இறங்க முயன்று கைவிட்டு மறுபடி மேலெழ நேர்ந்தால், மிஞ்சிய ஒரே என்ஜின் அதைச் செய்ய வல்லதாக இருக்கவேண்டும் என்பதே. இரட்டை என்ஜின் விமானம் ஒன்று, ஓர் என்ஜின் நின்ற நிலையிலும், இறங்கு நிலையைக் கைவிட்டு ஏறும்போது குறைந்தது 2.1 விழுக்காடு, அதாவது 100 மீட்டர் முன்செல்வதற்குள் 2.1 மீட்டர் ஏறியாக வேண்டும் என்பது விதி. ஓடுபாதை கண்ணெதிரே தெரிய, முழு ஃபிளாப்போடு இறங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி நொடிகளில் ஓர் என்ஜின் நின்றால், தொடர்ந்து இறங்குவதா, மேலெழுவதா என்பதை உயரமும் வேகமும் தீர்மானிக்கின்றன. இந்த முடிவை இறங்கத் தொடங்குமுன்னரே பேசி வைத்துக்கொள்வது நல்ல குழுவின் வழக்கம். வானில் சிந்தித்து எடுக்க இயலாத முடிவுகளைச் சிமுலேட்டரில் மீண்டும் மீண்டும் எடுத்துப் பழகி வைத்துக்கொள்வதற்காகவே, ஒற்றை என்ஜின் இறக்கமும் அதிலிருந்து மேலெழுதலும் விமானிகளின் காலமுறைத் தேர்வுகளில் நீங்கா இடம் பெற்றிருக்கின்றன.

எந்தப் பயிற்சியும் முன்கண்டிராத நிலைமை 2008 ஜனவரி 17 அன்று ஹீத்ரோவில் நேர்ந்தது. பெய்ஜிங்கிலிருந்து 152 பேரோடு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, தரையிலிருந்து சுமார் 720 அடி உயரத்தில் இருந்தபோது, கூடுதல் உந்துவிசை கேட்டும் முதலில் வலது என்ஜினும் சில நொடிகளில் இடது என்ஜினும் மறுத்துவிட்டன. நெடும்பயணத்தின் கடுங்குளிரில் எரிபொருளில் இயல்பாகக் கலந்திருக்கும் சிறிதளவு நீர் பனிக்கட்டியாகிக் குழாய்களில் படிந்து, பின்னர் ஒருசேரப் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் வெப்பமாற்றியின் வாயை அடைத்துக்கொண்டது என்பது பின்னர் தெரியவந்தது. துணை விமானி ஜான் கவர்ட் விமானத்தை இயக்கிக்கொண்டிருக்க, தலைமை விமானி பீட்டர் பர்கில் ஃபிளாப்பை 30 நிலையிலிருந்து 25-க்குச் சுருக்கினார். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தச் செயல் காற்றின் எதிர்ப்பைச் சற்றே குறைத்து, விமானத்தை இன்னும் சில பத்து மீட்டர் முன்னே கொண்டுசென்றது. ஓடுபாதைக்கு முன்னிருந்த வழிகாட்டி அலைவாங்கிக் கம்பங்களைத் தாண்டிப் புல்வெளியில் விமானம் விழ அந்தத் தொலைவே உதவிற்று. ஒருவரும் இறக்கவில்லை. சரிபார்ப்புப் பட்டியலைத் திறக்கவும் நேரமில்லாத அந்த அரை நிமிடத்தில் அவர்களுக்குத் துணைநின்றது, ஆற்றல் கணக்கைப் பற்றிய அடிப்படைப் புரிதல் ஒன்றுதான். அந்த வெப்பமாற்றி பின்னர் புதிதாக வடிவமைக்கப்பட்டது.

என்ஜின் உந்தாமல் போவது மட்டுமே ஆபத்து என்ற எண்ணத்தைத் திருத்துவது 2010 ஏப்ரல் 13 அன்று நடந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங்குக்கு 322 பேரோடு பறந்த கேத்தே பசிபிக் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330, புறப்பட்ட நிலையத்தில் மாசடைந்த எரிபொருளை ஏற்றியிருந்தது. அங்கே எரிபொருள் குழாய்த்தொடரை விரிவாக்கும் பணியின்போது உப்பு நீர் புகுந்தது. எரிபொருளில் நீர் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும் பாலிமர் அடங்கிய வடிகட்டிகள் அந்த உப்பு நீரால் சிதைந்தன. அப்பாலிமர் நுண்ணிய கோளங்களாக எரிபொருளோடு கலந்துவிட்டது. என்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள் செல்லவேண்டும் என்று அளந்துவிடும் வால்வுகளில் இக்கோளங்கள் மெல்லப் படிந்து இறுகின. உயரப் பறக்கும்போது தோன்றிய சிறு தடுமாற்றங்களையும் எச்சரிக்கைகளையும் தலைமை விமானி மால்கம் வாட்டர்ஸும் துணை விமானி டேவிட் ஹேஹோவும் தரையிலிருந்த பராமரிப்புப் பொறியாளர்களிடம் கலந்துபேசினர்; என்ஜின்கள் இயல்பாகவே இயங்கியதால் பயணம் தொடர்ந்தது.

இறங்கும்போதுதான் முழு உருவமும் வெளிப்பட்டது. முதலில் வலது என்ஜின் தடுமாறி, வெற்றியக்க நிலைக்கும் கீழே போய்விட்டது. விமானிகள் அவசர நிலையைக் குறிக்கும் பான் பான் அழைப்பை விடுத்தனர். சற்று நேரத்தில், சுமார் 8,000 அடி உயரத்தில், இடது என்ஜினும் தடுமாறவே, அது உயிராபத்தைக் குறிக்கும் மேடே அழைப்பாக உயர்ந்தது. கடலில் இறங்க நேருமோ என்ற நிலையில், தலைமை விமானி நெம்புகோலை நிதானமாக நகர்த்திப் பார்த்ததில் இடது என்ஜின் மெல்ல விழித்துக்கொண்டு, விசிறிச் சுழற்சியின் 70 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்கு வந்தது. விமான நிலையம் எட்டும் தொலைவுக்கு வந்ததும் உந்துவிசையைக் குறைக்க முயன்றபோது, அது அசையவில்லை. எரிபொருளை அளக்கும் வால்வு இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. சற்று முன்னர் உந்துவிசை இல்லையே என்று தவித்த குழு, இப்போது தேவைக்கு மிஞ்சிய உந்துவிசையை என்ன செய்வது என்ற எதிர்முனைக்கு வந்து நின்றது. அந்த ஒரே என்ஜினை அணைத்துவிட்டால் ஓடுபாதையை அடையும் உறுதி இல்லை. அணைக்காவிட்டால் வேகம் குறையாது. காற்றுத்தடுப்புத் தகடுகளை உயர்த்தியும் சக்கரங்களை இறக்கியும் கூட வேகம் அடங்கவில்லை. மிகை வேகத்தில் ஃபிளாப்பை மேலும் நீட்டினால் அது முறியும் என்பதால் முதல் நிலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவ்விமானம் 231 நாட், அதாவது மணிக்குச் சுமார் 428 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டது. வழக்கமான இறங்கு வேகம் 135 முதல் 140 நாட் வரை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், பிரேக்குகள் விழுங்கவேண்டியிருந்த ஆற்றல் வழக்கத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒருமுறை துள்ளி, இடது என்ஜினின் உறை தரையில் உரசி, முழு பிரேக்கோடு ஓடிய விமானம், 3,800 மீட்டர் ஓடுபாதை முடிய சுமார் 300 மீட்டர் எஞ்சியிருக்கையில் நின்றது. பிரேக்குகளின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டியது; சில டயர்கள் காற்றிறங்கின. விமானம் நின்ற பிறகும் இடது என்ஜின் அடங்காமல் சுழன்றுகொண்டே இருந்தது, எரிபொருள் விசையை நிறுத்திய பின்னரே ஓய்ந்தது. எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு நிலைமையில், அணைக்காமல் விட்ட அந்த ஒரு முடிவே 322 பேரைத் தரையில் சேர்த்தது என்று கூறுவது மிகையாகாது.

தரையைத் தொட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பும் அமைப்பு ஒரு பக்கம் மட்டும் இயங்கும்போது விமானம் அப்பக்கம் இழுக்கும். வானில் நேர்செய்ய அழுத்திவைத்த சுக்கானை, உந்துவிசை குறையும் அதே கணத்தில் தளர்த்தாவிட்டால் விமானம் ஓடுபாதையின் ஓரத்துக்குப் போகும். நின்ற பிறகு மற்றொரு பெருமுடிவு காத்திருக்கிறது: சறுக்குகளைத் திறந்து பயணிகளை உடனே வெளியேற்றுவதா, உள்ளேயே வைத்திருப்பதா. ஹாங்காங்கில் சக்கரங்களருகே புகையும் தீயும் தெரிவதாகத் தீயணைப்புக் குழு சொன்னதும் வெளியேற்றத்துக்கு ஆணையிடப்பட்டது. அன்று காயமுற்ற ஐம்பதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் சறுக்கில் இறங்கும்போதே அடிபட்டனர். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, என்ஜின் ஒன்றின் விசையாழித் தகடு வெடித்துச் சிதறிய குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ380, ரிச்சர்ட் டி கிரெஸ்பினி தலைமையிலான குழு நெடுநேரம் பட்டியல்களைச் சரிபார்த்த பின், 469 பேரோடு சிங்கப்பூரில் இறங்கியது. எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது, பிரேக்குகள் கொதித்தன, கம்பிகள் அறுந்துபோனமையால் இடதுகோடி என்ஜின் அணைய மறுத்தது. இருந்தும், தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து நுரையைப் பரப்பிக்கொண்டிருக்க, சறுக்கில் குதித்து ஓடும் நூற்றுக்கணக்கானோருக்கு வெளியே கிடக்கும் எரிபொருளும் சுழலும் என்ஜினுமே பெரிய ஆபத்து என்று கணித்த அக்குழு, பயணிகளை உள்ளேயே அமரவைத்து, படிக்கட்டு வந்த பின்னர் வரிசையாக இறக்கியது, ஒருவருக்கும் காயமில்லை. அந்த என்ஜின், பீய்ச்சப்பட்ட நுரையில் மூச்சடங்கி நின்றது, இறங்கிச் சுமார் மூன்று மணி நேரம் கழித்து.